சேலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் உள்ள சின்னக் காட்டைத் தன்னார்வலர்கள் சேர்ந்து மீட்க முடியுமா? எத்தனை மரக்கன்று நட வேண்டும்?

முடியும். ஆனால் முதல் வருடம் ஒரு கன்றுகூட நட வேண்டாம். இப்படிச் சொன்னால் எரிச்சல் வரும், தெரியும். எங்களுக்கும் ஒருவர் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை.

ஏற்காட்டு அடிவாரத்தில், எங்கள் ஊர் முனியப்பன் கோயிலை ஒட்டி ஓடைப் புறம்போக்கும் கோயில் நிலமுமாக நாலு ஏக்கர் போல ஒரு காடு இருக்கிறது. 2018 ஆடியில் பதினைந்து பேர் கூடி இருநூறு கன்று நட்டோம். இலவசமாகக் கொடுத்தவர்கள் கையில் என்ன இருந்ததோ அதைக் கொடுத்தார்கள்: குல்மோகர், தூங்குமூஞ்சி, கொஞ்சம் புங்கன். போட்டோ எடுத்தோம், கோயிலில் பொங்கல் சாப்பிட்டோம். அடுத்த சித்திரையில் போய் எண்ணினால் பதினேழு நின்றது. ஆடு தின்றது பாதி, காய்ந்தது மீதி. தண்ணீர் ஊற்ற முறை போட்டிருந்தோம், அந்த முறைப்படி ஒழுங்காக வந்தவர்கள் மூன்று பேர், அதில் நான் இல்லை.

அப்புறம்தான் நின்று பார்த்தோம். எங்கள் காட்டில் பெரிய மரத்துக்குப் பஞ்சமே இல்லை. உசில், வெப்பாலை, வேம்பு, வாகை, ஓடையோரம் நாவல் எல்லாம் இருந்தன. குட்டி மரம்தான் ஒன்றுகூட இல்லை. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி (லண்டானா) அடைத்துக்கொண்டு நின்றதால் கீழே விழுந்த விதை முளைத்தாலும் வெயிலையே பார்க்க முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்தில் பூவுக்காகக் கொண்டுவந்து வைத்த அமெரிக்கச் செடி அது, இன்று மலை முழுக்க அதுதான்.

அதை மேலோட்டமாக வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறையைத்தான் நாங்களும் செய்கிறோம். கொடுவாளால் இடுப்பு உயரத்துக்குக் கழித்துவிட்டு, கவைக்கம்பால் புதரை ஒருபக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அடியில் மண்ணைக் கொஞ்சம் பறித்தால் தண்டும் வேரும் சேருகிற இடத்தில் முண்டு மாதிரி தடித்திருக்கும். துளிர்ப்பதெல்லாம் அங்கிருந்துதான். அதற்குக் கீழே ஆணிவேரை ஒரே வெட்டாக வெட்டி, புதரை வேர் மேலே தெரிகிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான், காய்ந்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு காலையில் பத்துப் பதினைந்து புதர் ஓடும், அதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, ஷூ கட்டாயம். செருப்போடு வருகிறவர்களை நாங்கள் டீ வாங்க அனுப்பிவிடுவோம்.

வெட்டியதோடு முடியாது. பழத்தைத் தின்கிற கொண்டைக்குருவிகள் எந்த மரத்தில் உட்காருகின்றனவோ அதன் அடியில் மழை பெய்ததும் உண்ணி நாற்று பாய் விரித்த மாதிரி வரும். அதை இரண்டு மூன்று வருடமாவது கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். போட்டோவில் ஒன்றும் தெரியாது, அதனால் இந்த வேலைக்குக் கூட்டமும் வராது.

ஆனால் அதே குருவிகள்தான் எங்களுக்கு நல்லதும் செய்தன. ஒரு ஐப்பசியில் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தபோது பூசாரி ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "தம்பி, அது சந்தனம், விட்ருங்க." குருவி எச்சத்தில் விழுந்த விதையில் முளைத்தது, சாண் உயரம்கூட இல்லை. பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சித்தான் சந்தனம் வளரும், நாங்களாக வெட்டவெளியில் தனியாக நட்டிருந்தால் கொன்றிருப்போம். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இனி நாங்கள் செய்யப் பார்த்த பெரிய தப்பு. நாலு ஏக்கரையும் ஒரே மூச்சில் வழித்துவிடுவது என்று திட்டம். அங்கே ஆடு மேய்க்கிற ஒரு ஆயா இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: "ஏங் கண்ணு, எல்லாத்தையும் வெட்டிப்புட்டா கௌதாரி எங்க போயி முட்டை வைக்கும்? மொசலு எங்க படுக்கும்?" பதினைந்து பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அன்றிலிருந்து கால் ஏக்கர் கால் ஏக்கராகத்தான் எடுக்கிறோம். எடுத்த இடத்தில் காரை, சூரை மாதிரி நம்ம ஊர் முள்புதர்கள் தலைகாட்டிய பிறகுதான் அடுத்த துண்டு. ஆயாவின் ஆடுகள் புதுத் துண்டுப் பக்கம் வருவதில்லை, அது எங்களுக்குள் வாய்ப்பேச்சு ஒப்பந்தம். அதற்குப் பதிலாக உண்ணியோடு சேர்த்து வெட்டுகிற சீமைக்கருவேலம் முழுக்க அவர் வீட்டு அடுப்புக்கு.

பட்ட மரத்தை வெட்டாதீர்கள். எங்கள் காட்டில் ஒரு வாகை பட்டு நிற்கிறது. விறகுக்கு ஆகும் என்று எங்கள் குழுவிலேயே சண்டை நடந்தது. அதில் மரங்கொத்தி குடைந்த பொந்தில் இப்போது புள்ளி ஆந்தை ஜோடி இருக்கிறது, சாயங்காலம் போனால் தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மை முறைக்கும். சருகையும் கூட்டாதீர்கள், காடு ஒன்றும் வாசல் இல்லை. ஓரத்தில் மட்டும், மாசி முடிவதற்குள், பத்தடி அகலத்துக்குச் சருகையும் புல்லையும் சுத்தமாக வழித்துத் தீத்தடுப்புக் கோடு போட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரையில் ஒரு பீடித்துண்டு போதும், ஐந்து வருட வேலை ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது, நல்லது செய்யத்தான் போனோம் என்பது அங்கே செல்லாது. புறம்போக்கு என்றால் வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டில் நிலம் யார் பெயரில் என்று பார்த்துவிட்டு ஊராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசே 2022இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

நட்டே தீர வேண்டும் என்றால் மூன்றாம் வருடம், தானாக எது வரவில்லை என்று பார்த்துவிட்டு அதை மட்டும். விதை உங்கள் பக்கத்திலேயே பொறுக்கியதாக இருக்கட்டும். 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் பார்த்து ஆசைப்பட்டதை அடிவாரத்து வெயிலில் கொண்டுவந்து வைக்காதீர்கள். சில்வர் ஓக் வேண்டவே வேண்டாம், அது காப்பித் தோட்டத்து நிழலுக்கு வந்த ஆஸ்திரேலிய மரம். நாங்கள் இதுவரை இரண்டாவது முறையாக நட்டது மொத்தம் முப்பத்தாறு, அதில் முப்பத்தொன்று இருக்கிறது. இந்த முறை தண்ணீர் முறையில் நானும் போனேன்.