கப்பல் எங்களுக்காக நிக்குமோ?

கேள்வி:
அக்கா, எங்கட அண்ணா லண்டனில இருக்கிறார். வாற வைகாசியில அம்மா, நான், எங்கட இவர், அண்ணா, அண்ணி, அவையின்ர மகன் எண்டு ஆறு பேருமா குரூஸ் போக புக் பண்ணியிருக்கிறார். பார்சலோனாவில ஏறி மார்சேய், லிவோர்னோ, ரோமுக்குப் போற துறைமுகமான சிவிதாவெக்கியா, நாப்போலி, பிறகு ஒரு நாள் முழுக்கக் கடல், திரும்ப பார்சலோனா. விசாவும் வந்திட்டுது. இப்ப பிரச்சினை, இறங்கிப் பாக்கிறதுக்கு கப்பல்காரர் விக்கிற டூர் எடுக்கிறதோ இல்லாட்டி நாங்களாப் போறதோ எண்டு. அண்ணா சொல்லுறார் கப்பல் டூர் கொள்ளை விலை, ரோமுக்கு ட்ரெயினில சில யூரோவோட போட்டு வரலாம் எண்டு. எங்கட இவர், கப்பலை விட்டிட்டா ஆர் பொறுப்பு எண்டு கேக்கிறார். அம்மாவுக்கு 71, முழங்கால் வருத்தம், தமிழ் மட்டும்தான் தெரியும். அவவுக்கு ரோமில இராயப்பர் கோயிலுக்குள்ள ஒருக்காப் போய்ச் செபிச்சாக் காணும். போனில மச்சானும் மச்சானும் சண்டை. நீங்கள் சொல்லுங்கோ.
பெரியபண்டிவிரிச்சானில இருந்து ஒரு வாசகி

பதில்:
தங்கச்சி, உங்கட வீட்டு ஆம்பிளையள் ரெண்டு பேரும் நாலு ஊருக்கும் ஒரே விடையைப் போடப் பாக்கினம், அதுதான் சண்டை முடியுதில்லை. இது ஊருக்கு ஊர் மாறுற கணக்கு.

முறிகண்டியில பஸ் நிக்கேக்க பாத்திருப்பியள் தானே. சனம் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் சரை வாங்கிக்கொண்டு ஆறுதலா வரும், கொண்டக்டர் ஆள் எண்ணிப் பாத்துத்தான் மணி அடிப்பார், ஏனெண்டா அவையள் அவற்ற பஸ் ஆக்கள். ஆனா நீங்கள் அந்த இடைவெளியில பக்கத்தில மாமி வீட்டை எட்டிப் பாத்திட்டு வாறன் எண்டு ஓட்டோ பிடிச்சுப் போனா அவர் கொஞ்சம் ஹோர்ன் அடிப்பார், பிறகு எடுத்துக்கொண்டு போடுவார். குரூஸ் கப்பலும் அப்பிடித்தான். கப்பல்காரர் விக்கிற டூரில போன பஸ் பிந்தினா கப்பல் நிண்டு ஏத்தும், நிக்க ஏலாமப் போனாலும் அடுத்த துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேக்கிறது அவையின்ர செலவு. நீங்களாப் போய்ப் பிந்தினா அது உங்கட பாடு. வெளிக்கிடுற நேரத்துக்கு அரை மணித்தியாலத்துக்கு முந்தியே எல்லாரும் உள்ளுக்க நிக்கோணும், சில கப்பலில ஒரு மணித்தியாலம். அதுக்குப் பிறகு ஏணி தூக்கியாச்செண்டா கும்பிட்டாலும் இறக்க மாட்டினம்.

அந்தக் கூடின காசில நீங்கள் வாங்கிறது பெரும்பகுதி இந்த உத்தரவாதத்தைத்தான், கைட்டை இல்லை. அப்ப எந்த ஊரில அந்த உத்தரவாதம் தேவை எண்டு பாக்கோணும். காங்கேசன்துறைக்கு 2023 ஆனியில சென்னையில இருந்து எம்பிரஸ் எண்ட குரூஸ் கப்பல் வந்தது ஞாபகமோ? அதில இருந்து இறங்கின ஒரு ஆள் தானா யாழ்ப்பாண டவுனுக்குப் போட்டு வாறது பெரிய விசயமில்லை, பஸ் இல்லாட்டி ஓட்டோ. அதே ஆள் மடுவுக்குப் போட்டுப் பின்னேரக் கப்பலுக்கு வாறன் எண்டு சொன்னா நீங்களே தடுப்பியள்.

இனி உங்கட றூட்டுக்கு வருவம். மார்சேயில டூர் வேண்டவே வேண்டாம். குரூஸ் நிக்கிற இடம் டவுனில இருந்து கொஞ்சம் எட்டத்தான், நடக்க ஏலாது, ஆனா டாக்ஸி இருக்கு, பழைய துறைமுகப் பக்கம் போற பஸ்ஸும் இருக்கு. அங்க மலையுச்சியில நோத்ர டாம் டு லா கார்ட் எண்டு ஒரு மாதா கோயில், கடலோடிப் பிழைக்கிற சனத்தின்ர கோயில், உள்ளுக்க மேல பாத்தா நேர்த்திக்குக் குடுத்த சின்னச் சின்னக் கப்பல் பொம்மையள் தொங்கும். மருதமடு மாதாவிட்ட நேர்த்தி வைக்கிற மனுசிக்கு அதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பழைய துறைமுகத்தில இருந்து பஸ்ஸும் போகுது, பிள்ளையளின்ர ரெயின் மாதிரி ஒரு சின்ன வண்டியும் மேல ஏறுது. அம்மாவுக்காக டாக்ஸியே பிடியுங்கோ, ஆறு பேர் எண்டபடியா ரெண்டு வேணும்.

லிவோர்னோவில எனக்கு ஒரு கதை இருக்கு. அந்தத் துறைமுகம் கொண்டெய்னர் ஏத்தி இறக்கிற இடம், உள்ளுக்க நடக்க விடாயினம், டவுன் வரைக்கும் ஷட்டில் பஸ். ஸ்டேசன் அந்த டவுனில இருந்தும் தள்ளி. நான் ரெண்டு வருசத்துக்கு முந்தி மகளோட போகேக்க புளோரன்ஸ் பாக்கிற ஆசையில, அது 90 கிலோமீற்றர், ட்ரெயினில ஒண்டே கால் ஒண்டரை மணித்தியாலம், போட்டம். போகேக்க எல்லாம் நல்லாத்தான் போச்சு, திரும்பி வாற ட்ரெயின் 40 நிமிசம் பிந்திச்சு, ஸ்டேசனில டாக்ஸிக்குக் கியூ, மகள் போனைப் பாக்கிறாள் என்னைப் பாக்கிறாள், கடைசியில டாக்ஸியால இறங்கி நான் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு கப்பல் ஏணி வரைக்கும் ஓடினன். மேல டெக்கில நிண்ட சனம் கை தட்டிச்சு. பாராட்டுக் கைதட்டல் இல்லை எண்டு உங்களுக்கு விளங்கும். அதால சொல்லுறன், லிவோர்னோவில புளோரன்ஸை மறந்து பீசாவோட நில்லுங்கோ. இருவது இருவத்தஞ்சு கிலோமீற்றர், ட்ரெயினில கால் மணித்தியாலம் இருவது நிமிசம், சரிஞ்ச கோபுரத்துக்குப் பக்கத்தில நிண்டு மருமோன் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுப்பான், அவ்வளவுதான் அங்க வேலை. புளோரன்ஸ் பாத்தே ஆகோணும் எண்டு அண்ணி நிண்டா அவ மட்டும் கப்பல் டூரில போகட்டும், எல்லாரும் ஒண்டா ஒட்டிக்கொண்டு திரியோணும் எண்டு சட்டமில்லையே.

சிவிதாவெக்கியாவில இருந்து ரோம், வவுனியாவில இருந்து கிளிநொச்சி போற தூரம் கிட்டத்தட்ட. அண்ணா சொல்லுற ட்ரெயின் உண்மை, மலிவும் உண்மை. ஆனா அவர் மனசில ஓடுறது தான் ஒராள் தோளில பையைப் போட்டுக்கொண்டு போற பயணம். அம்மாவை வைச்சுக் கணக்குப் பாருங்கோ: கப்பலால இறங்கி ஷட்டிலில துறைமுக வாசல், அங்க இருந்து ஸ்டேசனுக்கு நடை இல்லாட்டி இன்னொரு பஸ், பிளாட்போம் மாற ஏற்ற இறக்கம், முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட கோச்சி ஓட்டம், இருக்க இடம் கிடைக்குமோ தெரியாது ஏனெண்டா அண்டைக்கு இறங்கின அரைவாசிக் கப்பலும் அதே கோச்சியிலதான், பிறகு சன் பியேத்ரோ ஸ்டேசனில இறங்கிப் பத்துப் பதினஞ்சு நிமிச நடை, அதுக்குப் பிறகுதான் கோயிலுக்குள்ள போறதுக்கான செக்கிங் கியூவே தொடங்கும். கியூ மட்டும் ஒரு மணித்தியாலம் பிடிக்கிற நாளும் இருக்கு. இதெல்லாத்தையும் அதே மாதிரித் திரும்பவும் செய்யோணும். இத்தாலியில ட்ரெயின்காரர் ஸ்ட்ரைக் பண்ணுறது முன்கூட்டி அறிவிச்சுத்தான், ஆனா அண்டைக்கு விடிய 6 இல இருந்து 9, பின்னேரம் 6 இல இருந்து 9 எண்டு வேலைக்குப் போற சனத்துக்கான வண்டியளைத்தான் உறுதியா விடுவினம். உங்களுக்குத் தேவைப்படுற நேரம் நடுவில.

அப்ப கப்பல் டூரோ எண்டு கேட்டா, அதுவும் அம்மாவுக்குப் பொருந்தாது. புளோரன்ஸ் ஓட்டத்தில பயந்துபோய் நானும் மகளும் ரோமுக்கு அதைத்தான் எடுத்தம். 40க்கு மேல ஆக்கள் ஒரு பஸ்ஸில, கைட் பலகை ஒண்டைத் தூக்கிக்கொண்டு முன்னால பறக்கிறா, காதில மாட்டின கருவியில இங்கிலிஸ், ஒரு ஐயா எல்லா இடத்திலயும் கடைசியா வந்து ஏறுறார், செபமாலைக் கடையில 40 நிமிசம், கோயிலுக்குள்ள அதை விடக் கொஞ்சம்தான் கூட. நான் சைவக்காரி, எனக்கே மனசு சரியில்லாமப் போச்சு. 71 வயசு மனுசி முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு அந்தப் பலகைக்குப் பின்னால ஓடிச் செபிக்கிறதே?

மூண்டாவது ஒண்டு இருக்கு, டூர் லிஸ்டில அடியில கிடக்கும், படமும் வடிவா இருக்காது. பெரும்பாலான கப்பல் கம்பெனியள் ரோமுக்கு வெறும் பஸ் மட்டும் விக்கினம். துறையில ஏத்தி ரோமில இறக்கி விட்டிட்டு, இத்தினை மணிக்கு இதே இடத்துக்கு வாங்கோ எண்டு சொல்லிப் போட்டுப் போடுவினம், கைட் இல்லை, கடை இல்லை. விலை முழு டூரை விட நல்லாக் குறைவு. அந்த பஸ் கப்பலின்ர பஸ், ஆனபடியா திரும்பி வரேக்க ட்ராபிக்கில மாட்டினாலும் கப்பல் நிக்கும். எங்க இறக்குவினம் எண்டு மட்டும் புக் பண்ண முன்னம் கேளுங்கோ, கோயிலுக்குக் கிட்ட எண்டா நல்லது, தூர எண்டா டாக்ஸி. ரோமில பிந்தி அந்தப் பஸ்ஸையே விட்டிட்டா அது உங்கட பிழை, அதுக்கு உத்தரவாதம் இல்லை.

ஆறு பேர் எண்டதால வானும் யோசிக்கலாம். துறை வாசலில வந்து ஏத்தி, உங்கட வேகத்துக்கு விட்டு, அம்மாவைக் கோயிலடியில இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடுற ட்றைவர்மார் இருக்கினம், முன்கூட்டி புக் பண்ணோணும். விலை வானுக்குத்தான், தலைக்கு இல்லை, ஆறாப் பிரிச்சுப் பாத்தா சில வேளை கப்பல் டூரை விடக் குறையவும் கூடும். கப்பல் அண்டைக்கு அந்தத் துறைக்குப் போகாட்டி காசு திரும்பத் தருவினமோ எண்டதை எழுத்தில வாங்குங்கோ. கப்பல் டூர் எண்டா அது தானாத் திரும்பும். நான் எண்டா வெறும் பஸ்ஸைத்தான் எடுப்பன், ஆனா முழங்கால் மோசமெண்டா வான்.

அண்டைக்கு என்ன கிழமை எண்டு உடன பாருங்கோ. புதன்கிழமை காலமை பாப்பரசர் சனத்தைச் சந்திக்கிற நாள், மத்தியானம் வரைக்கும் பேராலயத்துக்குள்ள சுத்திப் பாக்க விடாயினம். அம்மாவுக்கு வெளியில அவரைத் தூரத்தில பாக்கக் கிடைச்சா அது வேற சந்தோசம், ஆனா தெரிஞ்சுகொண்டு போங்கோ. கோயிலுக்குள்ள போகக் காசில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்கோணும், அம்மாவின்ர சீலைக்குப் பிரச்சினையில்லை, மருமோன்ர கட்டைக் காற்சட்டையைத்தான் பாக்கோணும். அவன் கோபுரத்தில ஏறப் போறன் எண்டு நிண்டா 551 படி, லிப்டில போனாலும் மிச்சம் 320 படி ஏறோணும், ஒராள் அம்மாவோட கீழ இருக்கட்டும். வத்திக்கான் மியூசியத்தை இந்த முறை விடுங்கோ, அது தனி டிக்கற், தனிக் கியூ, நாள் முழுக்கத் திண்டிடும்.

உங்கட இவற்ற பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு, ஆனா அவர் பயப்பிடுற ஊர் பிழை. ரோமில கப்பலை விட்டா அடுத்த நாள் கப்பல் நாப்போலியில, ரோமில இருந்து வேகக் கோச்சியில ஒண்டே கால் மணித்தியாலத்துக்குள்ள போய்ப் பிடிக்கலாம், எல்லாம் ஒரே விசாவுக்குள்ள. ஹோட்டல் காசும் ஒரு இரவு நித்திரையும்தான் நட்டம். நாப்போலியில விட்டாத்தான் ஆபத்து, ஏனெண்டா அதுக்கடுத்த நாள் கடல், பிறகு நேர பார்சலோனா, ஆறு பேருக்கும் பிளேன் டிக்கற் அவசரமா எடுக்கோணும், பாஸ்போர்ட் கப்பலில கிடந்தா அதுவும் ஏலாது. அண்ணாவையிட்ட பிரிட்டிஸ் பாஸ்போர்ட், அவை எப்பிடியும் சமாளிப்பினம், சிலோன் பாஸ்போர்ட்டோட நீங்கள் மூண்டு பேரும் கவுண்டர் கவுண்டரா நிக்கோணும். இந்த வித்தியாசம் லண்டனில இருக்கிற ஆக்களுக்கு மறந்துபோகும்.

நல்ல காலத்துக்கு நாப்போலியில கப்பல் டவுன் வாசலிலயே கட்டும். இறங்கினா கோட்டை, ரோட்டைக் கடந்தா கடை, பீற்சா. அங்க அப்பிடியே சுத்திப்போட்டு ரெண்டு மணித்தியாலம் முந்தியே ஏறுங்கோ. பொம்பேய் போகோணும் எண்டு ஆம்பிளையள் நிண்டா, கி.பி. 79 இல எரிமலைச் சாம்பலுக்குள்ள போன ஊர், பாக்க வேண்டிய இடம்தான், அவை மட்டும் கப்பல் டூரில போகட்டும். அங்க ஓடுற லோக்கல் ட்ரெயின் நெரிசல், பொக்கற்றடிக்கிறவைக்கும் பேர் போனது. அம்மா வேண்டாம், பொம்பேய் ரோட்டெல்லாம் மேடு பள்ளமான கல்லு, நிழலும் இல்லை.

ஆக ஆறு பேருக்கும் சேத்துக் காசு போறது ரோமுக்கு மட்டும். அண்ணாவும் இவரும் இதுக்கு மேலயும் சண்டை பிடிச்சா எனக்குத் தெரியாது.

இன்னும் ஒண்டு. கடலில நிக்கேக்க போன் கப்பலின்ர நெட்வேர்க்கைப் பிடிச்சா பில் கிழியும், பிளைட் மோடில போட்டு வையுங்கோ. ஒவ்வொரு நாளும் அறைக்கு வாற பேப்பரில அந்தத் துறைமுகத்தில கப்பல் கம்பெனிக்காக நிக்கிற ஏஜென்டின்ர நம்பர் இருக்கும், இல்லாட்டி வரவேற்பு மேசையில கேளுங்கோ. அதையும், கப்பலின்ர பேரையும், எத்தினை மணிக்கு ஏறோணும் எண்டதையும், அண்ணாவின்ர நம்பரையும் ஒரு மட்டையில இங்கிலிசில பேனையால எழுதி, இறங்க முன்னம் ஒவ்வொரு நாளும் அம்மாவின்ர கைப்பைக்குள்ள வையுங்கோ. அவவின்ர பாஸ்போர்ட் கொப்பியும் அதோட.