கசாண்ட்ரா டேட்டாபேஸ் கிளஸ்டரை (பல சர்வர்கள் சேர்ந்த தொகுப்பை) நிறுத்தாமலே வேறு டேட்டா சென்டருக்கு மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். சென்னையில் ஓடிக்கொண்டிருந்த 6 நோடு (சர்வர்) கிளஸ்டரை நாங்கள் அப்படித்தான் மும்பைக்கு மாற்றினோம். டேட்டாவைக் காப்பி எடுத்துக் கொண்டுபோக நினைக்காதீர்கள். புது இடத்தை அதே கிளஸ்டரில் இன்னொரு டேட்டா சென்டராகச் சேருங்கள். அது நிரம்பிய பிறகு பழையதைக் கழற்றுங்கள்.

முதலில் கை வைக்க வேண்டியது அப்ளிகேஷனில். குவோரத்தில் (எல்லா ஊர்ப் பிரதிகளையும் சேர்த்துப் பாதிக்கு மேல் பதில் சொல்ல வேண்டும் என்ற முறை) படித்து எழுதிக்கொண்டிருந்தால் லோக்கல் குவோரத்துக்கு (உள்ளூர்ப் பிரதிகளில் மட்டும் பாதிக்கு மேல் போதும்) மாற்றிவிடுங்கள். இங்கே 3 பிரதி, அங்கே 3 பிரதி என்றால் மொத்தம் 6, குவோரம் 4. ஓர் ஊரில் இருக்கும் 3 அதற்குப் போதாது, ஒவ்வொரு ரிக்வெஸ்டும் ஊர்விட்டு ஊர் போய் வரும். டிரைவரிலும் (அப்ளிகேஷனை கசாண்ட்ராவோடு இணைக்கும் லைப்ரரி) பழைய டேட்டா சென்டரின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள், இல்லையென்றால் காலியாக இருக்கும் புது நோடில் போய்ப் படித்துவிடும்.

புது நோடுகளை ஆட்டோ பூட்ஸ்ட்ராப்பை (சேர்ந்தவுடனே டேட்டாவை இழுக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு ஏற்றுங்கள். கீஸ்பேஸை (டேபிள்களின் தொகுப்பு; எந்த டேட்டா சென்டரில் எத்தனை பிரதி என்பதும் இதில்தான்) ஆல்டர் செய்து மும்பையையும் சேர்த்த நொடியிலிருந்து புதிதாக எழுதுவதெல்லாம் அங்கேயும் போகும். பழைய டேட்டாவுக்கு ஒவ்வொரு புது நோடிலும் நோட்டூல் ரீபில்ட் (பழைய இடத்திலிருந்து டேட்டாவை இழுக்கும் கட்டளை) ஓட்டுங்கள். அதில் பழைய டேட்டா சென்டரின் பெயரை விட்டுவிட்டால், வெற்றி என்று சொல்லி முடிந்துவிடும். உள்ளே பார்த்தால் டேட்டா இருக்காது!

நாங்கள் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். இரவு ஒரே ஒரு அப்ளிகேஷன் சர்வரை மட்டும் மும்பைப் பக்கம் திருப்பினேன். யூசர் சரி, பாஸ்வேர்டு சரி, லாகின் மட்டும் ஆகவில்லை. வயிறு கலங்கிவிட்டது. யூசர் விவரங்களும் சிஸ்டம் ஆத் என்ற கீஸ்பேஸில்தான் இருக்கின்றன. அதன் பிரதிகள் சென்னையில் மட்டுமே இருந்தன. சாதாரண யூசரின் லாகினோ உள்ளூர்ப் பிரதியைத்தான் கேட்கும். அதையும் ஆல்டர் செய்து, மும்பை நோடுகளில் ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டியதும் உள்ளே விட்டது. உங்கள் பட்டியலில் இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

எல்லா அப்ளிகேஷனும் மாறிய பிறகும் இரண்டு வாரம் பழையதை ஓடவிட்டோம். ஏதாவது கோளாறு என்றால் டிரைவரில் பெயரை மாற்றினால் திரும்பிவிடலாம் என்ற தைரியம் வேண்டும். பிறகு முழு ரிப்பேர், கீஸ்பேஸ்களிலிருந்து சென்னையை நீக்குவது, கடைசியில் ஒவ்வொரு நோடாக டீகமிஷன் (கிளஸ்டரிலிருந்து விலக்குவது). இந்த வரிசை மாறக் கூடாது.

உங்கள் ஸ்னிட்ச் (எந்த நோடு எந்த டேட்டா சென்டரில் என்று சொல்லும் அமைப்பு) எது என்று கமென்டில் எழுதுங்கள். சிம்பிள் ஸ்னிட்ச் என்றால், அதற்கு டேட்டா சென்டர் வேறுபாடு தெரியாது, அதனால் அதை மாற்றுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.