மாட்டிறைச்சி நூடுல்ஸ்: அவசரச் சமையல்காரர்களின் கேள்விகள்

கேள்வி: கடாயில் போட்டதும் கறி தண்ணீர் விட்டு, கடைசியில் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. தீயைக் கூட்டியும் பயனில்லை.

பதில்: தீ மட்டும் காரணமில்லை. எந்தப் பகுதிக் கறி, எப்படி வெட்டினீர்கள் என்பதிலேயே பாதி சமையல் முடிந்துவிடுகிறது. கால், கழுத்துக் கறி எல்லாம் மணிக்கணக்கில் வேக வேண்டியவை, குழம்புக்கு விடுங்கள். முதுகு, இடுப்புப் பக்கக் கறி கேட்டு வாங்குங்கள். ஃப்ரீசரில் 30 நிமிடம் வைத்தால் லேசாக இறுகும், கத்தி வழுக்காது. துண்டைத் திருப்பிப் பாருங்கள், நார் ஒரே பக்கமாகக் கோடு கோடாக ஓடுவது தெரியும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே, 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். நார் நீளவாக்கில் கிடந்தால் எவ்வளவு நல்ல கறியும் சவசவ என்றுதான் இருக்கும்.

அப்புறம் கடாய். மொத்தக் கறியையும் ஒரேயடியாகக் கொட்டினால் சூடு இறங்கி, கறி தன் தண்ணீரிலேயே வேகும். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணக்க 140 டிகிரியாவது வேண்டும். அதனால் இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, அரை நிமிடம் கரண்டியே படாமல் விடுங்கள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: 'சுர்ர்' என்ற சத்தம் தணிந்து களகளவென்று கொதிக்கும் சத்தம் வந்தால் கறி அதிகம் போட்டுவிட்டீர்கள்.

கேள்வி: ஹோட்டலில் கறி வழுவழுவென்று மெத்தென்று இருக்கிறதே, ஏதாவது மருந்து போடுகிறார்களா?

பதில்: மருந்தெல்லாம் இல்லை. சோள மாவு, சில இடங்களில் சமையல் சோடா. 250 கிராம் கறிக்குக் கால் டீஸ்பூன் சோடா போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். சோடாவால் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரானது) கூடுவதால், சூடு பட்டதும் கறியின் புரதம் இறுக்கமாகச் சுருங்காது. பிறகு கழுவி, ஒட்ட ஒட்டத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சோப்பு வாடை அடிக்கும். அதற்குப் பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், இரண்டு டீஸ்பூன் சோள மாவு, கொஞ்சம் எண்ணெய். மாவுப்பூச்சு கறியின் சாறு ஓடாமல் பார்த்துக்கொள்ளும், சாஸும் வழியாமல் ஒட்டும். கறி நல்ல இளசாக இருந்தால் சோடாவே வேண்டாம்.

கேள்வி: நூடுல்ஸ் கட்டியாகி, கிளறினால் உடைகிறது.

பதில்: பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள், மீதி வேக்காடு கடாயில் நடக்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசி மேலே உள்ள மாவுப்பசையைப் போக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள். அரிசி நூடுல்ஸ் என்றால் வெந்நீரில் ஊறவைத்தாலே போதும்.

கேள்வி: சாஸ் அளவு சொல்லுங்கள்.

பதில்: இரண்டு பேருக்கு: சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் 1, சர்க்கரை ஒரு டீஸ்பூன், தண்ணீர் 4 டேபிள்ஸ்பூன், சோள மாவு ஒரு டீஸ்பூன். உப்பு கடைசியில் ருசி பார்த்து மட்டும். கறியிலும் சோயா இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கிண்ணத்தில் கலந்து வையுங்கள். ஊற்றும் முன் ஒருமுறை கலக்குங்கள், மாவு அடியில் தங்கியிருக்கும். டார்க் சோயா (கறுப்பான, கெட்டியான சோயா சாஸ்) சேர்ப்பதென்றால் நிறத்துக்குத்தான், ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். எள் எண்ணெய் அடுப்பை அணைத்த பிறகு. அதுவும் வறுத்த எள்ளில் எடுத்ததாக இருக்க வேண்டும், பச்சை எள்ளில் ஆட்டியது அந்த வாசம் தராது.

கேள்வி: என்னிடம் நான்ஸ்டிக் கடாய்தான் இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். வெறும் கடாயைப் புகை வரும்வரை காயவிடாதீர்கள், பூச்சு கெடும். கறியை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

கேள்வி: சீவுவதற்கெல்லாம் நேரமில்லை. கைமா போடலாமா?

பதில்: போடலாம். வேலை முடிந்து வரும் நாட்களில் எனக்கு இதுதான் பிடிக்கும். கடாயில் தட்டையாக அழுத்தி, அடிப்பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு உடைத்துவிடுங்கள். ஈரம் வற்றி கொழுப்பு பிரிந்ததும் பூண்டு, இஞ்சி. அதற்கு முன்னால் போட்டால் பூண்டு வேகுமே தவிர வறுபடாது. பிறகு நூடுல்ஸ், சாஸ், வெங்காயத்தாள். கைமாவுக்குள்ளும் இளஞ்சிவப்பு தெரியக்கூடாது, முழுக்க வெந்திருக்க வேண்டும். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் நூடுல்ஸ் பிரிந்து வரும்.