அரை ஏக்கர் புல்வெளிக்கு மாற்று ரைடிங் மோவர்: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் புல், ஒரு பக்கம் சரிவு, உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் பழைய வண்டி (ரைடிங் மோவர்) மேட்டில் ஏற மறுக்கிறது. எத்தனை குதிரைத்திறனில் மாற்று வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கும் முன் பழைய வண்டியை ஒருமுறை சோதித்துவிடுங்கள். மேட்டில் திணறினாலே டிரான்ஸ்மிஷன் (இன்ஜினின் சக்தியை எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிரைவ் பெல்ட் தேய்ந்து பளபளத்திருக்கலாம், பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் ஐட்லர் புல்லியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வண்டியைக் கையால் தள்ளுவதற்கான பைபாஸ் லீவர் பாதியில் நிற்கலாம். மூன்றும் சரியாக இருந்தும் இன்ஜின் சூடான பிறகு மட்டும் இழுவை குறைகிறது என்றால், டிரான்ஸ்மிஷன் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குதிரைத்திறனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 42 அங்குல டெக்குக்கு (பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தட்டு) 17, 18 குதிரைத்திறனே தாராளம். வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது டிரான்ஸ்மிஷன்தான். விளம்பரத்தில் அதன் பெயரைப் பெரும்பாலும் போடுவதில்லை. விற்பவரிடம் அதன் மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த பல வண்டிகளில் வந்த டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 டிரான்ஸ்மிஷன் சமதரைக்கு ஏற்ற லேசான ரகம். சரிவில் தொடர்ந்து ஏறும்போதும், புல் நிரம்பிய பையையோ இழுவண்டியையோ சுமக்கும்போதும் உள்ளிருக்கும் எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும். பம்ப்பின் அழுத்தம் கசிந்து இழுவை குறையும். தேய்மானத் துகள்கள் அதே எண்ணெயில் சுற்றிச் சுற்றி இன்னும் தேய்க்கும். வண்டியில் மாட்டியபடியே எண்ணெயை வடிக்க அதில் வழி இல்லை. உங்களுக்குச் சரிவு இருப்பதால் அதே நிறுவனத்தின் கே57, கே66 போன்ற கனமான ரகம், அல்லது எண்ணெயும் ஃபில்டரும் மாற்றக்கூடிய வேறொன்று வைத்த வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவல்ல. எதுவானாலும் டிரான்ஸ்மிஷனின் மேலிருக்கும் விசிறியிலும் குளிர்விக்கும் மடிப்புகளிலும் புல்தூசி அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அடைத்தால் நல்ல டிரான்ஸ்மிஷனும் வெந்துவிடும்.

சரிவை அளந்து பாருங்கள். கிடைமட்டமாக ஒரு மீட்டருக்கு 27 செ.மீ. உயர்ந்தால் அது 15 டிகிரி. பெரும்பாலான கையேடுகள் போடும் எல்லை அதுதான். அதற்கு மேல் எந்த ரைடிங் மோவரும் வேண்டாம். எல்லைக்குள்ளும் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்காக ஓட்டாதீர்கள். நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டி மரங்களைச் சுற்றி வெட்ட அருமையானது. ஆனால் அதைத் திருப்புவது பின்சக்கரங்கள்தான். ஈரச் சரிவில் அவை பிடி இழந்தால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. உங்கள் இடத்துக்கு, ஸ்டீயரிங்கால் முன்சக்கரங்களைத் திருப்பும் லான் டிராக்டரையே சொல்வேன்.

டெக் அகலத்தில் பேராசை தேவையில்லை. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் 42 அங்குலத்துக்கும் 30 அங்குலத்துக்கும் அரை ஏக்கரில் சுமார் எட்டு நிமிடம்தான் வித்தியாசம். வண்டி நுழையுமா என்று வேலிக்கதவை அளக்கும்போது புல் வெளியேறும் பக்கவாட்டு மூடியையும் சேர்த்து அளங்கள். டெக்கின் தகட்டுத் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; அந்த எண் குறையக் குறையத் தடிமன் கூடும். பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டுகளான ஸ்பிண்டில்கள் பொருந்தும் இடம் தடித்த தகட்டால் வலுப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். மெல்லிய டெக் முதலில் கிழிவது அங்கேதான். கிரீஸ் ஏற்ற நிப்பிள் உள்ள ஸ்பிண்டில் நல்லது. அதிவேக நீரால் டெக்கைக் கழுவினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகும்.

இன்ஜினில் ஆயில் ஃபில்டரும், பம்ப் மூலம் அழுத்தத்தோடு எண்ணெய் பாய்ச்சும் அமைப்பும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஸ்டார்டர் அரைச் சுற்று சுற்றி முட்டி நின்றால் உடனே பேட்டரியை மாற்றாமல் வால்வு இடைவெளியையும் பாருங்கள். இடைவெளி கூடினால் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் சிலிண்டரின் அழுத்தத்தைத் தணிக்கும் அமைப்பு வேலை செய்யாது. சரிசெய்ய, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் இரண்டு ஸ்பேனரும் போதும்.

பழையது வாங்குவதாக இருந்தால், நீங்கள் வரும்வரை இன்ஜினை ஓட்ட வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில்தான் உண்மை தெரியும். ஓடும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு பிளேடு நுனியை மேலும் கீழும் அசையுங்கள்; ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. பிறகு அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி மேட்டில் ஏற்றுங்கள். அங்கே வேகம் தளர்ந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.