பாதி விலைப் புத்தகமும் கார்டு பாக்கியும்

கேள்வி: மாதம் எட்டுப் பழைய புத்தகங்களாவது இணையத்தில் வாங்குகிறேன். படித்து முடிப்பது மூன்று. எல்லாமே பாதி விலைக்குக் கீழேதான். ஆனாலும் கிரெடிட் கார்டு பாக்கி இறங்க மறுக்கிறது. வட்டி மாதம் 3%. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். தொடர் வைப்பிலும் பணம் போட்டு வருகிறேன். இன்னும் மலிவாகப் பழைய புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? பழைய நூல்களைச் சேர்த்தால் பின்னாளில் நல்ல விலைக்குப் போகும் என்று என் மைத்துனர் அவ்வப்போது சிலவற்றை வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார். கேட்கலாமா? தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: சரி, தொகை வேண்டாம். ஒரு புதிய புத்தகத்தின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும் அந்த அளவிலேயே சொல்கிறேன்.

பழைய பிரதி 45, தபால் செலவு 20. ஆக 65. எட்டுக்கு 520. படிப்பது மூன்றுதான் என்பதால், படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் நீங்கள் கொடுத்தது ஏறக்குறைய 173. புதிதாகவே வாங்கியிருக்கலாம்.

இதைக்கூட ரசனை என்று விட்டுவிடுவேன். விட முடியாதது அந்தக் குறைந்தபட்சத் தொகை. உங்கள் பாக்கி 6,000. மாத வட்டி 180. நீங்கள் கட்டுவது 300. அதில் அசலுக்குப் போவது 120 மட்டும். அதே மாதம் 520க்குப் புத்தகம் வாங்குகிறீர்கள். அந்த ஒரே மாதத்தில் கடன் 400 ஏறுகிறது. ‘தவறாமல் கட்டுகிறேன்’ என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அபராதம் வராது என்பதைத் தவிர அந்த நிம்மதிக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

முழுப் பாக்கியையும் கட்டாதவருக்குப் பொதுவாக வட்டியில்லாக் கால அவகாசம் கிடையாது. இன்று வாங்கும் புத்தகத்துக்கு இன்றே வட்டி தொடங்கிவிடும். மாதம் 3% என்பது கூட்டு வட்டியாக ஓடினால், 65க்கு வாங்கியது ஓராண்டில் 92ஐத் தாண்டும். தள்ளுபடியில் மிச்சமானதில் பெரும்பகுதியை இந்த வட்டியே தின்றுவிடும்.

தொடர் வைப்பில் மாதம் 500 போடுகிறீர்கள். அது தருவது மாதம் அரை விழுக்காடு. ஒரு கையால் 3% கொடுத்து மறு கையால் அரை விழுக்காடு வாங்குவதைச் சேமிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. முன்கூட்டியே நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அதை நிறுத்துங்கள். 300உடன் இந்த 500ஐயும் சேர்த்து மாதம் 800 கட்டுங்கள். கார்டில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஒன்பதாவது மாதத்தில் பாக்கி முடிந்துவிடும்.

அதுவரை என்ன படிப்பது? மாதம் மூன்று என்றால் ஒன்பது மாதத்துக்கு 27 புத்தகங்கள். மாதம் ஐந்து வீதம் படிக்காமல் குவித்திருப்பவர் நீங்கள்; ஆறு மாதக் குவியலே போதும். ‘வட்டியில்லா மூன்று தவணை’ என்று செயலியில் வருவதையும் தொடாதீர்கள். பழைய புத்தகம் ஒன்றை மூன்று தவணையில் வாங்க வேண்டிய நிலை வந்தால், அன்று அந்தப் புத்தகம் நமக்கு வேண்டாம். தவணை தவறினால் வரும் கட்டணம் புத்தகத்தின் விலையையே நெருங்கக்கூடும்.

பாக்கி தீர்ந்த பிறகு, கைப்பணத்தில் வாங்குவதற்குச் சொல்கிறேன். முதல் இடம் நூலகங்கள் கழித்துவிடும் புத்தகங்களின் விற்பனை. கடைசி நாளில் போனால் பை நிறைய ஒரே விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. முத்திரை குத்திய நூலகப் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் தொடுவதில்லை. படிப்பவருக்கு அதுவே ஆதாயம். அடுத்து, அறக்கட்டளைகள் நடத்தும் பழைய பொருள் கடைகளும் வீடு காலி செய்பவர்களும். இவற்றில் தபால் செலவு இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் 65இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். பாட நூல் என்றால் முந்தைய பதிப்பு. புதிய பதிப்பு வந்ததும் அதன் விலை விழுந்துவிடும். சட்டம், வரி சம்பந்தப்பட்டவற்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இணையத்தில்தான் வாங்குவேன் என்றால் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். 2007க்கு முந்தைய நூல்களில் பொதுவாகப் பத்து இலக்க எண் இருக்கும்; மிகப் பழைய நூல்களில் எண்ணே இருக்காது. பிறகு வந்தவற்றில் பதின்மூன்று. புக்ஃபைண்டர் போன்ற தளம் பல கடைகளின் விலையைத் தபால் செலவோடு சேர்த்துக் காட்டும். அமேசானில் ஒரு விலை, பழைய புத்தகத் தளமான ஏப்புக்ஸில் ஒரு விலை பார்த்து ஒப்பிட்டுவிட்டதாக நினைக்காதீர்கள்; 2008 முதல் ஏப்புக்ஸ் அமேசானுக்குச் சொந்தம். தபால் இலவசம் என்பதற்காக இரண்டு புத்தகங்களைக் கூடுதலாகச் சேர்க்காதீர்கள். பதிப்புரிமை முடிந்த பழைய இலக்கியங்கள் பலவற்றுக்கு விலையே வேண்டாம்; 1971இல் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டத்தின் இணையதளத்தில் அவை மின்னூலாக இலவசம்.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். அரிய முதல் பதிப்புகளுக்குச் சந்தை உண்டு, உண்மைதான். ஆனால் ஆயிரக்கணக்கில் அச்சான சாதாரணப் பதிப்பு, வயதாவதால் மட்டும் அரிதாகிவிடாது. வியாபாரி தான் விற்கும் விலையில் ஒரு சிறு பகுதியைத்தான் உங்களிடம் வாங்கும்போது தருவார். வாடகையும் லாபமும் அவருக்கு அதிலிருந்துதான் வர வேண்டும். ‘முதலீடு’ என்ற பெயரில் மைத்துனர் வாங்க வைத்த புத்தகங்களில் மூன்றை அவர் கையிலேயே கொடுத்து, ஏதாவது ஒரு பழைய புத்தகக் கடையில் விற்றுவரச் சொல்லுங்கள். கிடைத்த தொகையை அப்படியே கார்டு பாக்கியில் கட்டிவிட்டு, எவ்வளவு என்று எனக்கும் எழுதுங்கள்.