தோட்டம்: கேள்வி – பதில்

லண்டன், ஹாரோவிலிருந்து ஒரு வாசகி: வீடு வாங்கியபோதே பின்தோட்டத்தில் ஒரு பட்லியா, அதாவது பட்டாம்பூச்சிப் புதர், நின்றது. இப்போது ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டது. பூவெல்லாம் உச்சியில், கீழே வெறும் கட்டை. வெட்டினால் பட்டுப்போகுமோ?

பட்டுப்போகாது. ரயில் பாதை ஜல்லியிலும் பழைய புகைபோக்கியின் காரை இடுக்கிலும்கூட முளைத்து நிற்கிற செடி, அதைக் கொல்வதுதான் கஷ்டம். அந்த வருடம் விடுகிற புதுக் கிளையில்தான் அது பூக்கும், அதனால் வெட்டாமல் விட விட பூவும் மேலே ஏறிக்கொண்டே போகும். மார்ச்சில், கடும் உறைபனி ஓய்ந்த பிறகு, தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி விட்டு, துளிர்க்கும் கணுவுக்குச் சற்று மேலே தைரியமாகக் கவாத்து செய்யுங்கள். மொட்டைக் கட்டையைப் பார்க்க மனசு கேட்காது, ஜூலையில் சரியாகிவிடும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஜூன் வாக்கிலேயே, வளைந்து தொங்கும் கிளை நெடுகப் பூக்கிற இன்னொரு வகை உண்டு. அது போன வருடக் கிளையில் பூப்பது, பூத்து முடிந்த பிறகுதான் அதில் கத்தி வைக்க வேண்டும்.

உரம் அதிகம் வேண்டாம். நல்ல வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். ஆனால் வாடிய பூங்கொத்தைக் காய்ந்து விதை சிதறும் முன் நறுக்கிவிடுங்கள், இதில் சோம்பல் கூடாது. சீனாவிலிருந்து 1890களில் அலங்காரச் செடியாக வந்தது, தூசி மாதிரி விதை காற்றில் பறந்து கண்ட இடத்திலெல்லாம் வேர்விட்டுவிட்டது. அமெரிக்காவில் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் இதைக் களைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டன. அப்புறம் இன்னொன்று, பட்லியா வெறும் சாப்பாட்டுக்கடைதான். அங்கே வந்து தேன் குடிக்கிற மயிற்கண் பட்டாம்பூச்சியும் ரெட் அட்மிரலும் முட்டையிடுவது, தொட்டால் அரிக்கிற நெட்டில் செடியில். வேலியோர வெயிலில் அதைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஆன்லைனில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஏழு நிறத்தில் பட்டாம்பூச்சிப் புதர் விதை விற்கிறார்கள். மொட்டை மாடியில் வருமா?

காசை வீணாக்காதீர்கள். பெயர் சொல்லி விற்கும் நிறங்களெல்லாம் குச்சி நட்டு வளர்ப்பவை, விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. அதோடு இது குளிர்ந்த மலைச் செடி. ஊட்டி, குன்னூர் என்றால் முயலலாம், சென்னை மே மாதத்து மாடியில் வைத்தால் சிலந்திப்பேன் வந்து இலை வெளுத்துச் சோர்ந்து நிற்கும். உங்களுக்கு இட்லிப்பூவும் பென்டாஸும் போதும். உண்ணிச்செடிக்கு பட்டாம்பூச்சி மொய்க்கும்தான், ஆனால் காட்டையே விழுங்கிய செடி, நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முட்டையிட இடம் வேண்டுமானால் பெரிய தொட்டியில் ஓர் எலுமிச்சை வையுங்கள். அரளியும் எருக்கும் தெருவிலேயே இருக்குமே! எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும், அரளியில் வெள்ளி முலாம் பூசினது போல மின்னுகிற கூடு தொங்கினால் அது காக்கைப் பட்டாம்பூச்சியுடையது. பாலிலும் இலையிலும் விஷம் என்பதால் குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: கறிவேப்பிலைக் கன்றை ஏதோ புழு மொட்டையடிக்கிறது. இலையில் குருவி எச்சம் போலவும் ஒட்டியிருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

அந்த எச்சமும் புழுதான்! பறவை கொத்தாமலிருக்கச் சின்ன வயதில் போடுகிற வேஷம். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். அப்போது மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு சிவப்புக் கொம்பு நீளும், காட்டமான வாடையும் அடிக்கும். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு ஒரு பட்டாம்பூச்சி பறக்குமே, அதன் பிள்ளை இது. மருந்து வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். நன்றாக வேர்பிடித்த செடி என்றால் மறுபடி தழைக்கும், எப்படியும் இரண்டு வாரம் போலத் தின்றுவிட்டு புழு கூடு கட்டப் போய்விடும். ஒரு முழ உயரக் கன்று என்றால் மட்டும், புழுவை இலையோடு கிள்ளி அக்கம்பக்கத்துப் பெரிய கறிவேப்பிலை மரத்தில் விட்டுவிடுங்கள், கறிவேப்பிலையோ எலுமிச்சை வகையோ இல்லாத செடியில் விட்டால் பட்டினிதான்.