போன வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினாய்?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 30. சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் நாலு வருஷம் அஞ்சு மாசமாக இருக்கிறேன். வெளிநாட்டு வங்கி ஒன்றின் பழைய ஜாவா அப்ளிகேஷனுக்கு சப்போர்ட் வேலை. இரண்டு வருஷமாக ரேட்டிங் 3, அதாவது நடுத்தரம்தான். கேட்டால் "பெல் கர்வ் தம்பி, என் கையில் இல்லை" என்கிறார் மேனேஜர். இப்போது பெருங்குடியில் ஒரு ஸ்டார்ட்அப்பிலிருந்து ஆஃபர். 14 லட்சம் 20 லட்சமாகிறது. எனக்கு நோட்டீஸ், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டியது, 90 நாள். அந்த நாளைக் குறைக்கக் கட்ட வேண்டிய பை-அவுட் பணத்தை அவர்களே கட்டிவிடுகிறார்களாம், 30 நாளில் வரச் சொல்கிறார்கள். ஈசாப் (ஊழியருக்குக் கம்பெனிப் பங்கு) தருவதாகவும் வாய் வார்த்தையில் சொன்னார்கள். அங்கே வேலை எப்படி என்று மூன்று பேரிடம் கேட்டேன். அங்கேயே இருக்கும் காலேஜ் நண்பன், "சொர்க்கம் மச்சி. சாப்பாடு இலவசம், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க" என்கிறான். எட்டே மாதத்தில் விட்டுவிட்டு வந்த என் பழைய டீம் லீட், "நரகம், அந்தப் பக்கமே போகாதே" என்கிறார். மச்சினன், "எல்லா ஐ.டி. கம்பெனியும் ஒண்ணுதான்" என்கிறார். யாரை நம்புவது? மனைவிக்கு இது ஏழாம் மாதம். இரண்டு கம்பெனிச் சம்பளப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்.

பதில்: தம்பி, மனைவிக்கு ஏழாம் மாதம் என்பதைக் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தின வரியில் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதை முதல் வரியில் எழுதியிருப்பேன். அங்கே பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மூன்று சாட்சிகள்.

மச்சினனை விட்டுவிடலாம். மற்ற இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருபது வருஷத்துக்கு மேல் இதே ஓ.எம்.ஆர். ஐ.டி. ரோட்டில் குப்பை கொட்டினேன். அதில் கடைசி ஏழெட்டு வருஷம், வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசியாகப் பேசி அனுப்புவதும் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பேச்சுக்களில் ஒன்றைக் கவனித்தேன். பிடித்தது என்ன என்று கேட்டால் எல்லோரும் கம்பெனியைச் சொல்வார்கள்: நல்ல கேன்டீன், அம்மா அப்பாவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ், இரவில் வீட்டு வாசலில் இறக்கிவிடும் கேப், சீட்டுக்குப் பக்கத்திலேயே சிரிக்க நாலு பேர். பிடிக்காதது என்ன என்றால் தயங்குவார்கள். தயக்கம் விட்டதும் வருவது அநேகமாக ஒரு ஆளின் பெயர், இல்லையென்றால் ஒரு கிளையன்ட்டின் பெயர். கம்பெனி என்று நாம் சொல்வது ஆயிரம் பேருக்கும் ஒன்று. வேலை என்பது பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு டீமும், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரும்தான். உங்கள் நண்பன் மூன்றாவது மாடியைப் பற்றிச் சொல்கிறான், டீம் லீட் ஐந்தாவது மாடியைப் பற்றிச் சொல்கிறார். நீங்கள் எந்த மாடிக்குப் போகப் போகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

ஒரு பெண் ஞாபகத்துக்கு வருகிறாள். திருச்சிப் பக்கம், நல்ல கெட்டிக்காரி. ராஜினாமா படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று டிக் அடித்திருந்தாள். கண்ணாடி அறைக்குள் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். இரண்டாவது வாய் டீயில் சொல்லிவிட்டாள். மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் ஊருக்குப் போவாள். ஏழரைக்குப் பெருங்களத்தூரில் பஸ். (அப்போது பெருங்களத்தூர், இப்போது எல்லோரும் கிளாம்பாக்கத்துக்கு ஓடுகிறார்கள்.) அந்த வெள்ளிக்கிழமை பார்த்து, சரியாக ஆறு மணிக்கு, அவளுடைய மேனேஜர் "சும்மா ஒரு குயிக் கால்" என்று அழைப்பார். கால் முடிய ஏழேகால். நாலு தடவை பஸ்ஸைத் தவறவிட்டாளாம். நாலாவது தடவை ரோட்டோரத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தபோது முடிவெடுத்தேன் என்றாள். சம்பளத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. எங்கள் ரிக்கார்டில் அவள் இன்றைக்கும் "சொந்தக் காரணம்" தான்.

அதனால், "கம்பெனி எப்படி?" என்று யாரையும் கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் அவரவர் அன்றைய மனநிலை. போன வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். போன வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினாய்? கடைசியாக ராத்திரியில் புரொடக்ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் சிஸ்டம்) விழுந்தபோது யாருக்குப் போன் வந்தது? ஆன்-கால், அதாவது ராத்திரி அழைப்புக்குத் தயாராக இருப்பது, முறை வைத்துச் சுற்றுகிறதா, அல்லது எப்போதும் ஒருவர் தலையில்தானா? அதற்குத் தனிப் பணமோ மறுநாள் லீவோ உண்டா? உன் டீமில் ஒரு வருஷத்தில் எத்தனை பேர் போனார்கள்?

நண்பன் சொன்ன இரண்டு சந்தோஷங்களையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சாப்பாடு இலவசம், சரி, ராத்திரிச் சாப்பாடுமா? அதற்கு எத்தனை பேர் நிற்கிறார்கள்? எட்டரை மணிக்கு வரிசை வாசல் வரை நீண்டால் அந்தத் தோசைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று புரிந்துவிடும். "யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க" என்பது தெளிவாக வேலை தெரிந்தவனுக்குச் சுகம்தான். நாலு வருஷம் ஒரே பழைய அப்ளிகேஷனில் இருந்துவிட்டுப் புதிதாகக் கற்கப் போகிற உங்களுக்கு, தடுக்கி நிற்கும்போது கேட்க ஓர் ஆள் வேண்டும். கேள்வி கேட்க யாரும் இல்லாத இடத்தில் பல சமயம் பதில் சொல்லவும் யாரும் இருப்பதில்லை.

பழைய டீம் லீடிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த டீம், யார் மேனேஜர்? பிறகு ஹெச்.ஆருக்குப் போன் போட்டு, நான் யாரிடம் ரிப்போர்ட் செய்வேன், அவரோடு அரை மணி பேச வேண்டும் என்று சொல்லுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து, சம்பளப் பக்கம். படம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வருஷத்துக்கு 6 லட்சம் கூடினால் மாசம் 50,000 என்றுதானே மனக்கணக்கு? அந்த 20 லட்சத்தில் 3 லட்சம் வேரியபிள், அதாவது முழுசாக வரும் என்று உறுதி இல்லாத பங்கு. 1 லட்சம் ஜாயினிங் போனஸ், அதையும் ஒரு வருஷத்துக்குள் விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. மிச்சம் 16. பேசிக் 8 லட்சம் என்பதால் கம்பெனி பங்கு பி.எஃப். 96,000, வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்கு என்று 38,000 சொச்சம், இரண்டும் சி.டி.சி.க்குள்ளேயே (கம்பெனி உங்களுக்குச் செய்யும் மொத்தச் செலவுக்குள்ளேயே) அடக்கம். அதைக் கழித்தால் மாசம் சுமார் 1,22,000. இப்போதைய 14 லட்சத்தில் வேரியபிள் கிடையாது. பேசிக் மாசம் 42,000. அதே கழித்தல் போட்டால் 1,10,000-க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. ஆக, வரிக்கும் உங்கள் பங்கு பி.எஃப்.புக்கும் முன்னாலேயே மாசம் கூடுவது பன்னிரண்டாயிரம் சொச்சம். இரண்டும் போனால் இன்னும் குறையும். வேரியபிள் வந்தால் லாபம்தான், மறுக்கவில்லை. போன இரண்டு வருஷமும் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஈசாப் தருவதாகவும் வாய் வார்த்தையில் சொன்னார்களாமே. 2021 செப்டம்பரில் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானபோது, இந்தியாவில் அதன் ஊழியர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் கல்யாணப் பந்தியில்கூட ஈசாப் பேச்சு. நடந்தது உண்மை, ஆனால் பட்டியலாகாத கம்பெனியின் பங்கை வைத்து வீட்டு லோன் தவணை கட்ட முடியாது. லெட்டரில் எண்ணிக்கையும், எத்தனை வருஷத்தில் கைக்கு வரும் என்பதும் இல்லாவிட்டால் அதை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காலண்டரை எடுங்கள். அஞ்சு வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி. 2025 நவம்பர் வரை இருந்த பழைய சட்டத்தில், கடைசி பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குவார்கள். 42,000 பேசிக்குக்கு அந்தக் கணக்கில் 1,21,000 ரூபாய் வருகிறது. நாலு வருஷமும் அஞ்சாம் வருஷத்தில் 240 நாளும் வேலை பார்த்திருந்தால் போதும் என்று 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் முழுசாக அஞ்சு முடிந்தால்தான் என்று முறுக்கிக்கொள்ளும் கம்பெனிகள் நிறைய. நீங்கள் இன்றைக்கு ராஜினாமாப் பேப்பர் போட்டு 90 நாளும் இருந்தால் அந்த 240-ஐ ஒட்டி வந்து நிற்பீர்கள். பை-அவுட் செய்து 30 நாளில் ஓடினால் அதுவும் போச்சு. யாரோ உங்களுக்காகப் பணம் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள், கட்டுவது பாதி நீங்கள்தான். (எப்போது விட்டாலும் சரி, பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். புதுக் கணக்குக்கு மாற்றுங்கள்.)

குழந்தை? இன்னும் பத்துப் பன்னிரண்டு வாரம். 30 நாளில் மாறினால் புது இடத்தில் சேர்ந்து ஆறேழு வாரத்தில் பிரசவம். பழைய கம்பெனி இன்ஷூரன்ஸ் கடைசி நாளோடு முடிந்துவிடும். புதிதில் முதல் நாளிலிருந்தே பிரசவச் செலவு உண்டா, எவ்வளவு வரை, பிறந்த குழந்தைக்கு அன்றே கவரேஜ் உண்டா என்று பாலிசிப் பக்கத்தையே கேட்டு வாங்குங்கள். அப்பாவுக்கு லீவு என்பது தனியார் கம்பெனிகளுக்குச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, நமக்குக் கம்பெனி மனசு வைத்தால்தான். புரொபேஷனில் இருப்பவருக்கு எத்தனை நாள் என்று அதையும் கேளுங்கள்.

ரேட்டிங் விஷயம் பாக்கி. இதில் என் பக்கம் ஒரு பாவம் இருக்கிறது. பெல் கர்வ் என்றால், பன்னிரண்டு பேரில் மேலே இரண்டு பேர், கீழே ஒருவர், மிச்சம் நடுவில் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவது. அந்த இரண்டு இடத்துக்கு மேனேஜர்களுக்குள் கூட்டம் போட்டுப் பேரம் நடக்கும். ஒரு வருஷம் என் டீமில் எல்லோரையும்விட நன்றாக வேலை செய்த பையனுக்கு நான் 3 போட்டேன். அவன் கேட்க மாட்டான், விட்டுப்போகவும் மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆர்ப்பாட்டம் செய்கிற இன்னொருவனுக்கு அந்த இடம் போனது. அடுத்த ஜனவரியில் 3 வாங்கிய அந்தப் பையன் போய்விட்டான், டீயும் குடிக்காமல். ஆகவே "என் கையில் இல்லை" என்று உங்கள் மேனேஜர் சொல்வதில் பாதியை நம்புங்கள். நீங்கள் இதுவரை வாய்விட்டுக் கேட்டீர்களா? ஆஃபர் கையில் இருப்பதைச் சொல்லி மிரட்டச் சொல்லவில்லை. இந்த வருஷம் செய்த நாலு வேலையை எழுதி எடுத்துக்கொண்டு, சப்போர்ட்டிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாற்றம் வேண்டும் என்று தேதியோடு கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காதது கம்பெனியா, அந்த அப்ளிகேஷனா என்பது அப்போது தெரிந்துவிடும். எனக்கென்னவோ அப்ளிகேஷன்தான் என்று படுகிறது.

என் யோசனை இதுதான். ஃபிக்ஸட் சம்பளத்தை 18 லட்சத்துக்கு ஏற்றி, 90 நாளும் காத்திருக்கிறோம் என்றால் பேசலாம். இல்லை, 30 நாளில் வந்தே ஆக வேண்டும் என்று நின்றால் இந்த ஆஃபரைக் கைவிடுங்கள். இன்னும் நாலு மாசத்தில் பேப்பர் போட்டாலும் நோட்டீஸ் முடியும்போது அஞ்சு வருஷம் ஆகிவிடும். குழந்தைக்கும் கழுத்து நிற்க ஆரம்பித்திருக்கும். அதற்குள் ராத்திரியில் ஒரு மணி நேரம் புதிதாக எதையாவது படித்து வையுங்கள். அடுத்த இன்டர்வியூவில் அந்த ஒரு மணி நேரம்தான் பேசும்.

மனைவியிடம் இந்தக் கணக்கை எல்லாம் காட்டினீர்களா? மச்சினன் வரை கேட்டிருக்கிறீர்கள், மனைவியிடம் கேட்டதாக எழுதவில்லையே. இன்று ராத்திரி கேட்டுவிட்டு, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பிரசவம் ஆனதும் அந்தச் சேதியையும்.